ஆயிரத்து முந்நூற்று நாற்பது மீட்டர்

ஆழம் எனக்குத் தெரியும்.
இரட்டைக் கோபுரத்தில் ஒன்றைப் பிடுங்கி
அதுபோல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாய் நிறுத்தினால்
உச்சியில் ஊசிமுனை மட்டும் நனையாமல் தப்பும்.
காலைத்தான் விட்டதில்லை.
என் கால் கோலாலம்பூரில், முப்பத்தெட்டாவது மாடியில்,
ஏர்கோனுக்குப் பயந்து
காலுறைக்குள் சுருண்டிருக்கிறது.

சபா கடலுக்கு அடியில் ஒரு வால்வு.
கப்பலில் இருந்தபடி டன்ஸ்டன் இயந்திரக் கையை நீட்டுகிறான்.
திரையில் மாவு மாவாய் ஏதோ பொழிகிறது:
மேலே செத்ததெல்லாம் அங்கே மழை.
"ஒரு மீன்" என்கிறான்.
வால்வின் கைப்பிடி மேல்
வெளுத்த மீன் ஒன்று,
வாடகை பாக்கியில்லாதவள் போல் உட்கார்ந்திருக்கிறது.

கப்பலுக்கு மணிக்கு எவ்வளவு என்று
ஹஃபிஸா வாய்விட்டுக் கணக்குச் சொல்கிறாள்.
விளக்கை அணைத்துப் பார்த்தோம். நகரவில்லை.
தள்ளிவிடட்டுமா என்றான்.
வேண்டாம் என்றேன்.
ஏனென்று தெரியவில்லை.

பதினோரு நிமிடம்.
எள்ளே முளைக்காத இடத்தில்
நாம் எண்ணெய் என்று பேர் வைத்தது
அதையும் பொறுத்துக்கொண்டு கீழே கிடந்தது.

பிறகு மீன் போனது.
கால் சுற்று. அரைச் சுற்று.
பச்சை விளக்கு. யாரோ கைதட்டினார்கள்.

நாலு மணி மழை பெய்தது எங்களுக்குத் தெரியாது.
நேப்பாளத்துக் காவலர் தீபேந்திரா அழைத்தார்:
"உங்க மைவி, மேடம்."

நிலத்தடி கார் நிறுத்தம். கடைசிப் படியில் நிற்கிறேன்.
பழுப்புத் தண்ணீர். மிதக்கும் ஒற்றைச் செருப்பு.
அதைச் சுற்றி
வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம்.
எவ்வளவு ஆழம் என்று
ஒருவருக்கும் தெரியவில்லை.

காலுறையைக் கழற்றினேன்.