பத்து வாரப் பயிற்சி

முதல் நாள் என் கையில் ஓர் அளவுகோல் கொடுத்தார்கள்.
நான் எதிர்பார்த்து வந்தது அரசியல் சாசனத்தை.
"இருநூற்றுப் பதினான்கு பக்கம்.
இரண்டு வருடம் வழக்காடி வாங்கியது.
கறுப்பு எத்தனை அங்குலம் என்று கணக்கெடு."
எடுத்தேன்.
வாஷிங்டனின் ஜூன் மாதம் ஜன்னலுக்கு வெளியே
பிழியாத துணிபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

சில பக்கங்களில் பக்க எண் மட்டும் தப்பியிருந்தது.
ஒன்றில், தலையிலிருந்து கால்வரை பூசிய கறுப்புக்கு அடியில்,
'நன்றி. வார இறுதி இனிதாகட்டும்.'
ஓரத்தில் பொடி எழுத்தில் காரணம்: தேசியப் பாதுகாப்பு.
எல்லாப் பூட்டுக்கும் அந்த ஒரே சாவி.

எங்கள் கட்சிக்காரர் ஜாஸிம் முக்பில்.
டியர்பர்னில் லாரிகளுக்கு டயர் மாற்றுகிறவர்.
ஆறு வருடமாக அவரை விமானம் ஏற விடுவதில்லை.
பட்டியலில் இருக்கிறார் என்றும் சொல்ல மாட்டார்கள்,
இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள்.
தம்பி மகள் கல்யாணத்துக்கு சியாட்டிலுக்கு
மூன்று நாள் பஸ்ஸில் போனார்.
போய்ச் சேர்ந்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்களாம்.
தொலைபேசியில் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
'பாதிப்பு: நிரூபிக்கத்தக்கது' என்று
குறிப்பேட்டில் எழுதினேன்.
எழுதிய பிறகு கூசியது.

மார்லிஸும் நானும் ஒரே வகுப்பு, ஒரே வாடகை வீடு.
அவளுக்குப் பயிற்சி அரசுத் தரப்பில்,
கைபேசியை வாசல் பெட்டியில் போட்டுவிட்டு
உள்ளே நுழையும் கட்டடத்தில்.
என்ன வேலை என்று நான் கேட்பதில்லை.
"மழை வருமா?"
"வரும்போலத்தான்."
ரகசியமில்லாத ஒரே துறை வானிலை.
நெப்ராஸ்காக்காரி. படையிலிருந்து திரும்பிய அவள் அண்ணன்
கதவுக்கு முதுகு காட்டி உட்காருவதே இல்லை.
"எல்லாப் பயமும் கற்பனை இல்லை" என்றாள் ஒருமுறை,
பல் துலக்கிக்கொண்டே.
நான் மறுக்கவில்லை.
குளிர்பெட்டியில் அவள் பால் தனி, என் பால் தனி,
தடித்த கறுப்புப் பேனாவில் பெயர் எழுதி.
உப்பு மட்டும் பொது.

ஏழாம் வாரம்.
ஒரே கடிதம் இரண்டு முறை வந்திருந்தது,
இரண்டு வெவ்வேறு கைகள் மறைத்தது.
முதல் கை ஓட்டை விடவில்லை.
இரண்டாம் கைக்கு அவசரமோ, பசியோ, வேறேதுமோ,
ஒரு சொல்லை விட்டுவிட்டது:
ஹாஸிம்.

அரபியில் அந்தப் பெயருக்கும் இந்தப் பெயருக்கும்
ஒரு புள்ளிதான் வித்தியாசம்.
எழுத்தின் அடியில் ஒரு கடுகு.
ஆறு வருடம், மூன்று நாள் பஸ், கழுவிய பாத்திரம்,
எல்லாம் அதற்குள்.

அந்தத் தாள்களில் மார்ச் மாத முத்திரை.
மார்லிஸ் வேலைக்குச் சேர்ந்ததோ ஜூனில்.
ஆனாலும் அன்றிரவு சாப்பிடும்போது
அவள் விரல்நுனிகளில் மை தேடினேன்.
தேடியதை அவள் பார்த்துவிட்டாள்.

மனுப் போட்டோம்.
அரசு தன் பதிலை உறையிலிட்டு
நீதிபதிக்கு மட்டும் கொடுத்தது.
எங்களுக்கு வந்த நகலில் தலைப்பு இருந்தது, கையொப்பம் இருந்தது.
நடுவில், நாற்பத்தொன்றே முக்கால் அங்குலம்.
தீர்ப்பு குளிர்காலத்தில் என்றார்கள்.
அப்போது நான் எங்கோ சொத்துரிமைத் தேர்வு
எழுதிக்கொண்டிருப்பேன்.
ஜாஸிமிடம் சொன்னேன்.
சற்று நேரம் டயர் கழற்றும் இயந்திரத்தின் இரைச்சல்.
பிறகு, "பஸ் ஓடுகிறதே" என்றார்.

கடைசி நாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
வீட்டுக்கு வந்தால் மார்லிஸின் அறை காலி.
குளிர்பெட்டியில் அரை டப்பா பால்.
அவள் பெயரைக் கறுப்பால் அடித்துவிட்டு
கீழே என் பெயரை எழுதியிருந்தாள்.

பத்து வாரப் பழக்கம்.
விளக்குக்கு நேரே டப்பாவைச் சாய்த்துப் பிடித்தேன்.
அடித்த பெயர் தெளிவாகத் தெரிந்தது.