இரகசியக் கேள்வி

ஜாரி வீதிக் கடையில்
பாலுக்கும் பாணுக்கும் நீட்டிய அட்டையை
இயந்திரம் இரண்டு தரம் திருப்பித் தந்தது.
"பரவாயில்லை, நாளைக்குத் தா" என்று
கையசைத்தார் கிரேக்கக் கிழவர்.
எனக்குத்தான் பரவாயிருந்தது.

கணக்கில் நாற்பத்தொரு டொலர் பதினேழு சதம்.
வெள்ளிக்கிழமை ஆறாயிரத்துச் சொச்சம் கிடந்தது,
ஷபனெல் தையல் ஆலையில்
மற்றவர்கள் காசு வைக்க
ஜீன்ஸுக்குப் பொக்கற் தைத்துத் தைத்துச் சேர்த்தது.

வங்கியில் மரி-ஈவ் என்ற பிள்ளை
திரையை என் பக்கம் திருப்பினாள்.
லாவால், நானூறு.
லாவால், மறுபடியும் நானூறு.
சென்-ஜெரோம், முன்னூற்று எண்பது.
ஏன் எண்பது?
மெஷினில் நோட்டு முடிந்ததோ
இரக்கம் வந்ததோ.
"இது நீங்களா?"
"நானில்லை."
"இது?"
"நானில்லை."
பதினாறு தரம் சொன்னேன்.
பத்துக்குப் பிறகு அந்தச் சொல்
வேறெதையோ மறுப்பதுபோல் கேட்டது.

"செவ்வாய்க்கிழமை போன் எடுத்து
விலாசம் மாற்றியிருக்கிறீர்கள்."
"நானில்லை."
"இரகசியக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னீர்களே.
இப்போது சொல்லுங்கள்.
கலியாணத்துக்கு முன் உங்கள் தாயின் குடும்பப் பெயர்?"
பிரெஞ்சில் மெதுவாக, பிள்ளைக்குச் சோறு தீத்துவதுபோல்.

அம்மாவின் பெயர் இராசம்மா.
முதலில் தகப்பன் பெயரை முன்னால் வைத்திருந்தாள்,
பிறகு புருஷன் பெயரை.
குடும்பப் பெயர் என்றொரு சாமான்
எங்கள் வீட்டில் இருக்கவேயில்லை.
"இராசம்மா." பிழை.
"கந்தையா." பிழை.
"இன்னும் ஒரு தரம்தான்" என்றாள்,
என்னைக் கள்ளியென்று நினைக்க
விருப்பமில்லாத முகத்தோடு.

களவெடுத்த ஆளுக்குத் தெரிந்த என் பெயர்
எனக்குத் தெரியாமல் நின்றேன்.

பிறகு அதுவாக வாயில் வந்தது.
"முனுசாமி."
"சரி" என்றாள் மரி-ஈவ். மூச்சு விட்டாள்.

தொண்ணூற்றிரண்டு மார்கழி.
என் கைப்பையில் மலேசியக் கடவுச்சீட்டு:
விஜயலெட்சுமி, முனுசாமி மகள்,
பிறந்த இடம் குளுவாங்.
ஏஜென்ட் ஒட்டிய படம் மட்டும் என்னுடையது.
பாங்கொக் லொட்ஜில் மூன்று கிழமை
அவளைப் பாடமாக்கினேன்,
நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்லும்படி.
மிராபெல்லில் இறங்க ஒரு மணித்தியாலம் இருக்கையில்
விமானக் கழிப்பறையில் கிழித்துப் போட்டுத்
தண்ணீர் விட்டேன்.
தாள் போனது.
அடுத்த வருசம் கணக்குத் திறந்தபோது
"கட்டத்தை வெறுமையாக விட ஏலாது" என்றார்கள்.
வாயில் தயாராக இருந்த ஒரே அப்பா அவர்தான்.

காசு வந்துவிட்டது,
இருபத்துமூன்று வேலைநாள் கழித்து,
இருபது டொலர் குறைவாக.
கேட்கப் போகவில்லை.
பொலிஸ் படிவத்தில் ஒரு கேள்வி:
"உங்கள் அடையாளத்தை வேறு யாரும்
முன்னர் பயன்படுத்தியதுண்டா?"
இல்லை என்று புள்ளடி போட்டேன்.
மாற்றிக் கேட்கும் கட்டம் அதில் இல்லை.

புதுக் கேள்வி தெரிவு செய்யச் சொன்னார்கள்:
முதல் வளர்த்த நாயின் பெயர்.
எங்கள் நாயை நாங்கள் நாய் என்றுதான் கூப்பிட்டோம்.

இரவு கோப்பை கழுவும்போது நினைத்தேன்:
குளுவாங்கில் அவளும் ஒருநாள்
கண்ணாடிக்கு முன் நின்றிருப்பாள்,
பையை இறுக்கிப் பிடித்தபடி.
"தொண்ணூற்றிரண்டில் கனடா போனீர்களா?"
நானில்லை என்றிருப்பாள்.
எத்தனை தரம் சொல்ல விட்டார்களோ,
எத்தனையாவது தரம் நம்பினார்களோ.

வருகிற மார்ச் பதினொன்றில்
அவளுக்கு அறுபது.