பெயர்ச்சீட்டு

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது.
உப்பு டப்பாவில் உப்பு என்று.
சுத்தியல் பிடியில் சுத்தியல் என்று,
என்னவோ அதுவே தன்னை மறந்துவிடும்போல.
நிலவறையில் வரிசையாக ஜாம் புட்டிகள்,
ஒவ்வொன்றிலும் மாதம், வருடம்,
எந்த மரத்து ஆப்பிள் என்பதும்.
வெள்ளை ஒட்டுநாடா, கறுப்பு மை,
அப்பாவின் சாயாத எழுத்து.

என் இடது காலணிக்குள் சோல்வெய்க்,
வலது காலணிக்குள்ளும் சோல்வெய்க்.
ஒன்று மட்டும் தனியாகக் கிடைத்தால்? என்பார்.
ஒற்றைக் காலணி எப்படித் தனியாகப் போகும் என்று
அம்மா சிரிப்பாள்.
அப்பா சிரித்ததில்லை.

வடக்கு டகோட்டாவில் மே மாதக் கடைசித் திங்கள்.
லைலாக் அப்போதுதான் வாய் திறக்கும்.
கப்பலில் இருந்தவர்கள், பீரங்கி இழுத்தவர்கள்,
தொப்பிக்குள் அடங்காத காதுகளோடு
தானியக் கிடங்கிலிருந்து தேவாலயம் வரை நடப்பார்கள்.
அப்பா நடைபாதையிலேயே நின்றுகொள்வார்.
நீங்களும் கொரியா போனவர்தானே என்று கேட்டால்
"நான் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை.
எனக்கு எழுத்து வேலை."
அவ்வளவுதான். பிறகு விதைப்பு பற்றிப் பேசுவார்.

அவர் போன பிறகு
தம்பி ஆர்விட் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தான்.
பெட்டியின் மேல் 'பெட்டி' என்று எழுதியிருந்தது.
உள்ளே விடுவிப்புச் சான்றிதழ்:
கல்லறைப் பதிவுப் பிரிவு, பதினான்கு மாதம்.
நாங்கள் அதை இரண்டு முறை படித்தோம்.
பனியில் விறைத்தவர்களின் பைகளைத் துழாவி,
சங்கிலி, சீப்பு, பாதி எழுதிய கடிதம்
எல்லாவற்றையும் உரியவன் பெயரோடு சேர்த்துக் கட்டிய கை,
என் மதிய உணவுப் பையிலும் பெயர் எழுதிய கை.

அடியில் கென்டக்கியிலிருந்து வந்த ஒரு கடிதம்.
பென்சில் எழுத்து, ஒரு தாயுடையது.
'ஐயா, சீட்டில் அவன் பெயரைச் சரியாக எழுதியிருந்தீர்கள்.
பர்செல். கடைசியில் இரண்டு எல்.
பள்ளிக்கூடம்கூட ஒன்றுதான் போடும்.
அதனால்தான் அது அவன்தான் என்று நம்பினேன்.'

ஆர்விட் எழுந்துபோய்க்
குழாயைத் திறந்துவிட்டான்.
வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

இந்த ஆண்டு நீதிமன்றத்துப் புல்வெளியில்
கருங்கல் சுவர் எழுப்பினார்கள்.
எங்கள் மாவட்டத்திலிருந்து போன
இருநூற்று அறுபத்துமூன்று பேர்,
திரும்பியவர்களும் திரும்பாதவர்களும்.
எஸ் வரிசையில் விரலை ஓட்டி இறங்கினேன்.
ஸ்கோக்மோ இருந்தது.
ஹால்வோர் இல்லை. ஹால்வெர்.
ஓ இருக்கவேண்டிய இடத்தில்
ஓர் ஈ உட்கார்ந்திருந்தது.
கையை வீசினால் பறந்துவிடும் என்பதுபோல
ஒரு கணம் வீசவும் செய்தேன்.

அலுவலகத்துப் பெண் நல்லவள்.
படிவம் இருக்கிறது, குழு அக்டோபரில் கூடும்,
நிரப்பிக் கொத்தலாம், ஆனால் நிறம் ஒட்டாது என்றாள்.
ஒரு எழுத்துதானே அக்கா, விடு என்றான் ஆர்விட்.
சொன்னவன் முகம் சொன்னதை நம்பவில்லை.

என் மகன் லெய்ஃப் பக்கத்தில் நின்றான்.
காந்தகாரில் எரிபொருள் லாரி ஓட்டியவன்.
பட்டாசு நாட்களில் கொட்டகையில் படுப்பவன்.
அவனுக்கான சுவர் இன்னும் எங்கும் கட்டப்படவில்லை;
கட்டினாலும் வரமாட்டேன் என்கிறான்.
தாத்தாவைப் பற்றி நான் சொன்னபோதும்
ம் என்றதோடு சரி.

பேசாமல் தன் வண்டிக்குப் போனான்.
திரும்பியபோது கையில் வெள்ளை ஒட்டுநாடா.
விரல் நகத்தளவு கிழித்து,
முழங்காலில் வைத்து, ஒரு வட்டம் போட்டான்.
வட்டம் கொஞ்சம் கோணல்.
கிழித்தெறிந்தான். மறுபடி போட்டான்.
ஈயின் மேல் வைத்து
கட்டைவிரலால் நான்கு மூலையும் அழுத்தினான்.

காற்று பலமாக இருந்தது.
கொடிக்கம்பத்துக் கயிறு
இரும்பைத் தட்டிக்கொண்டே இருந்தது.
சாயங்காலத்துக்குள் பிய்ந்துவிடும்டா என்றேன்.

நாடா நிறைய இருக்கிறது என்றான்.