ஐந்து மில்லி வெள்ளை

மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடிக்கு
விடிகாலை மூன்றரைக்கு முதல் டேங்கர் வரும்.
ஏணியில் ஏறி, மூடி திறந்து,
நீளக் கரண்டியில் மொண்டு தருவார் நாச்சிமுத்து.
குழாயில் ஐந்து மில்லி.
ஒரு சொட்டு ஐயோடின்.
நீலமானால் மாவு.
இன்னொரு சொட்டில் ரோஜாவாய்ச் சிவந்தால்
சோடா உப்பு.
வெள்ளையைச் சந்தேகப்படுவதற்கு
பதினோரு வருஷமாய் எனக்குச் சம்பளம்.

வெயில் ஏறினால் வரிசை நீளும்.
தகரக் கூரைக்கு வெளியே நின்று சீட்டு எழுதுவேன்.
சின்னவள் வயிற்றில் இருந்தபோது
கன்னத்தில் தேநீர் சிந்தியதுபோல் ஒன்று வந்தது.
பெற்றதும் போய்விடும் என்றார்கள்.
அவள் இப்போது ஏழாம் வாய்ப்பாட்டில் திணறுகிறாள்.
தேநீர் இன்னும் காயவில்லை;
மற்றக் கன்னத்துக்கும் பரவிவிட்டது.

மங்கு, என்றாள் பொள்ளாச்சி நாத்தனார்.
மங்கு சனி பிடித்தால்தான் விழும்,
இனிக் கடன் வரும் பார் என்றாள்.
கடன் அதற்கு முன்பே வந்திருந்தது.
சித்தூர்ச் சந்தையில் மீன் விற்கும் பாத்தும்மா
கரிமாங்கல்யம் என்றாள்.
கரியும் மாங்கல்யமும் ஒரே சொல்லுக்குள்
எப்படிக் குடித்தனம் செய்கின்றன என்று
பஸ் வரும்வரை யோசித்தேன்.
இந்தப் பக்கம் சனி, அந்தப் பக்கம் தாலி,
நடுவில் என் மூக்கு
ஆளில்லாத செக்போஸ்ட்.

எலுமிச்சை தேய்த்தேன், எரிந்தது.
ஜாதிக்காய் இழைத்தேன்.
கல்யாண வீட்டில் போட்டோக்காரன்
"கொஞ்சம் நிழலுக்கு வாங்கக்கா" என்றான்,
வேறு யாரையும் அவன் அப்படிக் கூப்பிடவில்லை.

அந்த வாரம்தான் பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி கடையில்
பெயர் படிக்க முடியாத டப்பி வாங்கினேன்.
எட்டே நாள்.
முகம் பால்.
நாச்சிமுத்துகூட ஏணியில் நின்று திரும்பிப் பார்த்தார்.
ஐந்தாவது வாரம் அடுப்படிக்குப் போனாலே எரிந்தது,
தோலுக்குள் சிவப்பு நூல்கள் தெரிந்தன,
தாடையில் பூனைமயிர்.
நிறுத்தினால் மங்கு முன்னைவிடக் கறுத்தது,
போட்டால் சிவந்தது.

ஒரு நாள் லாரி வராத இடைவெளியில்
டப்பியிலிருந்து துளி எடுத்துக்
குழாயில் கரைத்து ஐயோடின் விட்டேன்.
பைத்தியக்காரத்தனம்தான்.
நீலம் இல்லை.
மற்ற சொட்டுக்கும் சிவக்கவில்லை.
எதற்கும் நிறம் மாறாததை
எங்கள் பதிவேட்டில் 'நன்று' என்று எழுதுவோம்.
பேனா அங்கேயே நின்றது.

தாலுக்கா ஆஸ்பத்திரி நிம்மி டாக்டர்
டப்பியை மூக்கருகே பிடித்துவிட்டு மூடினார்.
"ஸ்டீராய்டு ஆகும். பாதரசமும் இருக்கலாம்.
இனி ஒண்ணும் உரசண்டா" என்றார்,
பாதி என் மொழி, பாதி அவர் மொழி.
கழுவுவதற்கு இது அழுக்கில்லை,
வெயிலுக்குப் பயந்து உங்கள் தோல்
தானே விரித்துக்கொண்ட குடை;
நீங்கள் ஒரு குடை கொடுத்தால்
அது தன்னுடையதை மெல்ல மடக்கும்,
மடக்காமலும் போகலாம்.
ராத்திரிக்குப் பயறளவு ஒரு களிம்பு தந்தார்.
பகலுக்கு வெயில் களிம்பு, இரண்டு விரல் நீளம்,
மழை நாளிலும்.
எத்தனை நாள் என்றேன்.
மாசம் எண்ணுங்க என்றார்.

எண்ணுகிறேன்.
ஆபீஸில் சண்டை போட்டு
சீட்டு மேசையைத் தகரத்துக்குள் இழுத்தாயிற்று.
அடுப்பை ஜன்னலோரம் நகர்த்தியாயிற்று.
ஆடியில் காற்று வீசியபோது
இடது கன்னம் கொஞ்சம் விட்டுக் கொடுத்தது.
சித்திரை வந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டது.

இன்று நாலாவது டேங்கரில் நீலம்.
திருப்பி அனுப்பச் சொல்லிக் கையெழுத்திட்டேன்.
"பார்த்தா நல்ல பால்தானே" என்று
கெஞ்சிக்கொண்டே நின்றான் டிரைவர்,
என் கன்னத்தைப் பார்த்தபடி.
பார்க்கட்டும்.
குடையை விரித்துக்கொண்டு
அடுத்த வண்டிக்கு நடந்தேன்.