எட்டு எண்ணும் வரை

கேமரா ஆயிரத்து எண்ணூறு. ஓசூரில், செகண்ட் ஹேண்ட்.
வயிற்றைத் திறந்து
சென்சார் மேல் இருந்த கண்ணாடியைப் பெயர்த்தேன்.
முதல் கேமரா அதில்தான் செத்தது,
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
கறுப்புக் கண்ணாடி அறுநூற்று நாற்பது,
கண்ணில் வைத்தால் அமாவாசை.
லென்ஸ், ஏதோ என்லார்ஜரில் கழன்றது,
காயலான் கடையில் எடை போட்டுக் கொடுத்தார்கள்.
இதையும் அதையும் பூட்ட
நான் வேலை பார்க்கும் கடையின் பிவிசி கப்ளிங், ஒண்ணேகால் இஞ்ச்,
சுற்றிலும் எம்-சீல்.
வெள்ளை எது என்று கேமராவுக்குச் சொல்லித் தர
பத்து ரூபாய் டெஃப்லான் டேப்.
குழாய் ஒழுகாமல் சுற்றுவார்களே, அதேதான்.
புற ஊதாவை இத்தனை நேர்மையாகத் திருப்பித் தரும் சரக்கு
ராயக்கோட்டை பஜாரில் வேறு இல்லை.

மல்லிகையை எடுத்தேன், கரி.
செண்டுமல்லி, கரி.
ஒரு மாத லீவு நாளெல்லாம் கரியாகவே வந்தது.

ஆவணியில்
கேழ்வரகுக்கு ஊடே கடுகு பூத்திருந்தது.
உச்சி வெயிலிலும் எட்டு நொடி திறந்திருக்க வேண்டும்.
எட்டு நொடி சும்மா இருக்கிற காற்று
இந்த மேட்டு நிலத்தில் கிடையாது.
பதினேழு படம். பதினேழும் புகை.

"சிப்காட்டுக்கு அளக்க வந்தியா?"
வரப்பில் முனிலட்சுமி, கையில் களைக்கொத்து.
மூன்று காலில் எது நின்றாலும்
இங்கே இப்போது முதல் கேள்வி அது.
பூ எடுக்கிறேன் என்றேன்.
"பூ எடுக்க எதுக்குக் கறுப்புக் கண்ணாடி?
அதுக்கென்ன கண்ணு வலியா?"

புகையில் கொஞ்சம் தேறியதைக் காட்டினேன்.
நாலு இதழும் வெளுத்து, நடுவில் மட்டும் இருட்டு.
"நோய் விழுந்திருக்கா?"
சட்டென்று குனிந்து செடியைப் புரட்டினாள்.
இல்லக்கா, எப்பவும் இருக்கிறதுதான்.
நமக்கு முழுக்க மஞ்சள்,
தேனீக்கு அது இறங்கும் இடம்.
"அதுக்குத் தெரியுதில்ல. விடு."

நான் விடவில்லை. அவளும் போகவில்லை.
மறுபடி காற்று எழுந்தபோது
களைக்கொத்தைப் போட்டுவிட்டு
பூவுக்குச் சற்றுக் கீழே
தண்டை இரண்டு விரலால் பிடித்தாள்.
"ம்."

வாய்விட்டு எண்ணினேன்.
ஆறில் ஒரு தேனீ அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது.
ஏழு.
கை அசையவில்லை.

பதினெட்டாவதுதான் படம்.
இதழில் நரம்பு எண்ணலாம்.
கீழே, நேரில் ஒரே நிறமாகத் தெரிந்த விரல்களில்
கடுகு இறைத்த மாதிரி கரும்புள்ளிகள்,
வெயில் உள்ளுக்குள் போட்டு வைத்தவை.
திரையில் அதை ஒதுக்கி
பூவை மட்டும் பெரிதாக்கி நீட்டினேன்.

நெற்றியில் கை வைத்து
வெகு நேரம் பார்த்தாள்.
"கை எங்கடா?" என்றாள்.