பேனாவால் எழுதுங்கள்

புந்தா அரேனாஸில் காற்று பலக்கும் நாட்களில்
நகராட்சிக்காரர்கள் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டு நடக்கலாம்.
வங்கி மேலாளரும் பிடிப்பார்,
மீன் கழுவும் பெண்ணும் பிடிப்பாள்,
யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

எனக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது வாரம்.
தார்கோ நண்டுப் படகில் போய் இருபத்திரண்டு நாள்.
மாமியார் சூப்புப் பானையோடு வந்தார்,
தொட்டிலை எட்டிப் பார்த்து
"கொடுத்து வைத்தவள் யாஸ்னா நீ" என்றார்.
மூடியைத் திறந்தேன், ஆவி முகத்தில் அடித்தது.
கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்த ஒரு சாக்குப் போதும்.

ஆமாரோ அழுவான்.
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு
தண்ணீர்ச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பேன்.
பால் மட்டும் நேரம் தவறாமல் சுரந்தது,
வேறு யாருக்கோ வேலை பார்ப்பது போல
என் உடம்பு.

தடுப்பூசி நாளில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
மேசையில் நூலால் கட்டிய பென்சில்.
பத்துக் கேள்விகள்.
சிரிக்க முடிந்ததா? முடிந்தது.
காரணமில்லாமல் பயந்தீர்களா? இல்லை.
(இரண்டு தெரு தாண்டினால் கடல்
என்பது காரணமா இல்லையா என்று
எழுதக் கட்டம் இல்லை.)
பத்தாவதில் "எப்போதாவது" என்று குறித்தேன்.
அழித்தேன்.
"ஒருபோதும் இல்லை" என்று குறித்தேன்.

நெல்டா ஓயார்சோ, மகப்பேற்றுத் தாதி,
ஆமாரோவை எடை போட்டாள். ஐந்து கிலோ இருநூறு.
பிறகு என் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்
கள்ள நோட்டைப் பார்ப்பது போல.
ரப்பர்த் தூளைச் சுண்டுவிரலால் தட்டினாள்.
இன்னொரு தாளை எடுத்தாள்.
"பத்தாவது மட்டும் போதும்.
பேனாவால் எழுதுங்கள்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
எனக்கு முதுகு காட்டி நின்றாள்.
வெளியே பறந்துபோகும் பிளாஸ்டிக் பையை
அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பேனா எழுதவில்லை.
உதறினேன், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன்.
"வேறு பேனா இருக்கிறதா?" என்று கேட்டேன்.
ஒன்பது வாரத்தில்
நான் ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது.

"எல்லாம் சரியாகிவிடும்" என்று அவள் சொல்லவில்லை.
"இன்றிரவு வீட்டில் யார் இருப்பார்கள்?" என்றாள்.
யாருமில்லை.
தொலைபேசியில் காத்திருந்தாள், யாரோடோ சண்டை போட்டாள்,
மனநல மருத்துவருக்குப் பதினோரு நாளில் தேதி கிடைத்தது.
பதினோரு நாளுக்கு என்ன செய்வது என்று
விரல் விட்டு எண்ணி உட்கார்ந்தோம் இருவரும்.

மாடிவீட்டு மிரேயாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று.
குப்பைத்தொட்டிக்காக என்னோடு ஒரு வருடம் பேசாதவள்.
தலையணையோடு இறங்கி வந்தாள்.
"எனக்கும் இரண்டாவது பிள்ளைக்கு" என்றாள்,
மேலே சொல்லவில்லை.
சோபாவில் எட்டு இரவு படுத்தாள்.
அப்படி ஒரு குறட்டை.
அந்தக் குறட்டைக்கு நடுவில்தான்
முதல் தடவை நான்கு மணி நேரம் தூங்கினேன்.

இப்போது வியாழன் தோறும்
தீயணைப்பு நிலையத்து மாடியில் ஆறு பேர் கூடுகிறோம்.
"என் மகளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை"
என்றாள் ஒருத்தி.
யாரும் மூச்சை இழுத்துக்கொள்ளவில்லை.
பிஸ்கட் தட்டு அவள் பக்கம் நகர்ந்தது.
போன வாரம் சைரன் அலறி
ஆறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வீறிட்டபோது
பயந்து ஒருவரையொருவர் பார்த்தோம்.
பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை.

காலையில் ஒரு மாத்திரை. வாய் உலர்கிறது.
தார்கோ திரும்பி வந்து
"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டதற்கு
இன்னும் பதில் தயாரில்லை.
சில செவ்வாய்க்கிழமைகள் பழையபடியே இருக்கின்றன.

இன்று கயிறு கட்டியிருக்கிறார்கள்.
ஒரு கையில் அது, ஒரு கையில் அவன்.
மூலை திரும்பும்போது காற்று அவன் தொப்பியைப் பிடுங்கியது.
இடது காதின் மேல்மடல்
சற்றே உள்நோக்கி மடங்கியிருக்கிறது அவனுக்கு.
பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும்.
நின்று பார்த்தேன்.
பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள்.