கழிவு இரண்டு

பத்தொன்பது வருடம் இலை நிறுத்தேன்.
கோத்தகிரிக்குக் கீழே தகரக் கூரை பேக்டரி,
வாசலிலேயே தராசு, தராசுக்குப் பின்னால் நான்.
வலைச்சாக்கு வந்து விழும்,
சிவப்பு எண்கள் நடுங்கி நடுங்கி ஓரிடத்தில் நிற்கும்,
கார்பன் வைத்து மூன்று சீட்டு.
மழையென்றால் ஈரத்துக்குக் கழிவு மூன்று கிலோ.
வெயிலென்றால் இரண்டு.
நான் போட்ட சட்டமில்லை.
பேனா என்னுடையது.

எடைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.
வசந்தமல்லி என்று எனக்கொரு பேர் இருப்பது
ரேஷன் கார்டுக்குத் தெரியும்.

ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கு
ஆளுக்கொரு காரணம் சொன்னேன்.
தங்கச்சியிடம் முட்டி வலி.
வீட்டுக்காரரிடம், மேனேஜர் சரியில்லை
(அது உண்மைதான், காரணம் அதுவல்ல).
நடந்தது இவ்வளவுதான்:
மார்ச் மாதம். மூன்று வாரமாக மழையில்லை,
பனிகூட எட்டு மணிக்கே காய்ந்துவிடுகிறது.
ஜோகி கவுடர் தோளிலிருந்து சாக்கு இறங்கவேயில்லை,
தராசு பூஜ்யத்தில் கிடக்கிறது,
என் கை
கழிவு 2 என்று எழுதி முடித்திருந்தது.

கையைப் பார்த்தேன்.
என்னைக் கேட்காமலே அடுத்த சீட்டுக்குப் போயிருந்தது.

நாற்பத்தாறு வயதில் எல் போர்டு.
சொல்லிக்கொடுத்த ரியாஸுக்கு இருபத்து மூன்று,
என்னை மேடம் என்பான்,
தன் காலடியிலும் ஒரு பிரேக் வைத்திருப்பான்.
டானிங்டன் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி
"பின்னால உருளாம எடுங்க" என்றான்.
மூன்று தடவை உருண்டேன்.
நான்காவது தடவை பின்னால் இலை லாரி ஒன்று.
ஹாரன் அடித்தவன், கண்ணாடியில் என் முகம் பார்த்ததும்
அடிப்பதை நிறுத்திவிட்டான். அதுதான் கூச்சமாக இருந்தது.

கிளச்சில் ஓரிடம் இருக்கிறது,
வண்டி ஏறாது, இறங்காது,
நின்றபடியே நடுங்கும்.
அது எனக்குத் தெரிந்த நடுக்கம்.
எண்கள் நிற்பதற்கு முன்னால்
பத்தொன்பது வருடம் பார்த்தது.
பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஏறியது.

இப்போது மஞ்சள் வேன், பதினான்கு பிள்ளைகள்.
சம்பளத்தில் ஆயிரத்து எண்ணூறு குறைவு,
கழிவு என்று வைத்துக்கொண்டேன்.
ஒவ்வொன்றாய் ஏற ஏற
வேன் லேசாகத் தாழும்,
முதுகு தானாகக் கணக்குப் போடும்:
பதினேழு. இருபத்தொன்று.
அந்தப் புத்தகப் பைக்கு மட்டும் தனியாக ஆறு.
நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

முதல் நாள், மூன்றாவது ஸ்டாப்பில் ஜோகி கவுடர்.
அரைக் கிலோவுக்காக என்னோடு
பதினோரு வருடம் சண்டை போட்டவர்.
கடைசி மகள் மிதுளாவை
சாக்கைத் தூக்கும் அதே தூக்கலில் தூக்கி
ஸீட்டில் வைத்தார்.
கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.
"கழிவு போட்டுறாதீங்க" என்றார்.
சிரித்தாரா என்று பனியில் தெரியவில்லை.
சீட்டும் கேட்கவில்லை.
நான்தான் டேஷ்போர்டில் பேனா தேடிக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் அவளுக்கு வேனிலேயே பல் விழுந்தது.
அழுகை, ரத்தம், பதிமூன்று பேரின் ஆரவாரம்.
என் பையில் கிடந்த பழைய எடைச் சீட்டில் மடித்து
சாயங்காலம் அவர் கையில் கொடுத்தேன்.
பிரித்துப் பார்த்தார்,
பல்லையோ சீட்டையோ,
ரொம்ப நேரம்.

நேற்று பள்ளிக்கு முந்தின வளைவில்
ஒரு காட்டெருமை, ரோட்டுக்குக் குறுக்கே.
எஞ்சினை அணைத்தேன்.
பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்,
கண்ணாடியெல்லாம் ஆவி.
அது எங்களைப் பார்த்தது, மென்றது,
போவதாகத் தெரியவில்லை.
எண்ணூறு கிலோ இருக்கும், கூடவும் இருக்கலாம்.
முதல் மணி அடிக்கும் சத்தம் கேட்டது.
உட்கார்ந்திருந்தோம்.